காஸ்பரோவ் கதையில் விட்டுப்போன சொல்

செயற்கை நுண்ணறிவு மனிதனை நன்றாக யோசிக்க வைக்கும், சரியாக முடிவெடுக்க வைக்கும் என்று யாராவது மேடையேறிப் பேச ஆரம்பித்தால் பத்து நிமிஷத்துக்குள் ஒரு செஸ் கதை வந்துவிடும். நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1997ல் டீப் புளூவிடம் தோற்ற காஸ்பரோவ் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. மனிதனும் கணினியும் கூட்டு சேர்ந்து ஆடும் புது வகை செஸ்ஸைத் தொடங்கி வைத்தார். பிறகு அந்த வகையில் நடந்த ஒரு போட்டியில், கிராண்ட்மாஸ்டர்களையும் சூப்பர் கம்ப்யூட்டரையும் தாண்டி, சாதாரண ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் ஜெயித்தார்கள். ஆகவே மனிதனும் இயந்திரமும் சேர்ந்தால் தனி இயந்திரத்தைவிட எப்போதும் மேல். கைதட்டல். அடுத்த ஸ்லைடு.

கதை பொய் இல்லை. அந்த ‘ஆகவே’யில்தான் கோளாறு.

காஸ்பரோவ் இதை 2010ல் ஒரு கட்டுரையிலும், பிறகு 2017ல் வந்த ‘டீப் திங்க்கிங்’ புத்தகத்திலும் எழுதியிருக்கிறார். புத்தகம் நல்ல புத்தகம், சந்தேகமே வேண்டாம். தோற்றவர் இருபது வருஷம் கழித்துத் தன் தோல்வியை நிதானமாகப் பிரித்துப் போட்டுப் பார்க்கும் புத்தகங்கள் அதிகம் கிடையாது. ஆனால் அதிலிருந்து உலகம் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கதையைத்தான். அதற்குக் ‘காஸ்பரோவ் விதி’ என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது.

நடந்தது இதுதான். 2005ல் இணையத்தில் ஒரு போட்டி. யாரும் வரலாம், எந்தக் கணினியையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து ஆடலாம். ஹைட்ரா என்ற செஸ் சூப்பர் கம்ப்யூட்டரும் களத்தில் இருந்தது. (அதே வருஷம் லண்டனில் மைக்கேல் ஆடம்ஸை ஐந்தரைக்கு அரை என்று துவைத்துக் காயப்போட்ட அதே ஹைட்ரா.) அது பாதியிலேயே வெளியேறியது. கடைசியில் ஜெயித்த அணி அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த இரண்டு பேர். ஒருவருடைய ரேட்டிங் 1685, இன்னொருவருக்கு 1398. நம்மூர் மாவட்டப் போட்டிகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளே இதற்குமேல் வைத்திருப்பார்கள். கையில் சாதாரண கணினிகள் மூன்று.

இதிலிருந்து காஸ்பரோவ் எடுத்த முடிவு ‘மனிதன் கூட்டல் இயந்திரம்’ இல்லை. அவர் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறார்: செய்முறை. சுமாரான மனிதன், கணினி, நல்ல செய்முறை மூன்றும் சேர்ந்தால் அது பலமான கணினியை ஜெயிக்கும். அதைவிட ஆச்சரியம், பலமான மனிதன், கணினி, மோசமான செய்முறை என்ற கூட்டையும் ஜெயிக்கும் என்பது அவர் வாதம். எந்தக் கணினியை எந்த நிலையில் எவ்வளவு ஆழம் தோண்டச் சொல்வது, எப்போது அதன் பேச்சைக் கேட்பது என்று அந்த இருவரும் ஒரு முறை வைத்திருந்தார்கள். மேடைப் பேச்சில் முதலில் காணாமல் போவது இந்தச் சொல்தான். மனிதன் இருக்கிறான், இயந்திரம் இருக்கிறது, செய்முறையைக் காணோம்.

சரி, காஸ்பரோவ் சொன்னதை அப்படியே முழுசாக ஏற்றுக்கொள்ளலாமா? எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு.

முதலாவது, இது ஒரே ஒரு போட்டி. ஒரே ஒரு வெற்றி. அவருடைய இன்னொரு உதாரணம் வேறு பக்கம் இழுக்கிறது. 1998ல் ஸ்பெயினின் லியோன் நகரத்தில் அவரும் தோபலோவும் ஆளுக்கொரு கணினியோடு ஆடினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு கணினி இல்லாத ரேபிட் ஆட்டத்தில் தோபலோவை 4–0 என்று ஜெயித்திருந்தவர், கணினியோடு ஆடியபோது 3–3 என்று சமன். இருவருக்கும் கணக்குப் போட்டுக் கொடுக்க ஆள் வந்ததும், கணக்குப் போடுவதில் காஸ்பரோவுக்கு இருந்த அனுகூலம் மறைந்துவிட்டது. அதாவது இயந்திரம் எல்லாரையும் ஒரே அளவு உயர்த்தவில்லை, இடைவெளியைத்தான் சுருக்கியது. தோபலோவுக்கு நல்ல சேதி. காஸ்பரோவுக்கு அவ்வளவு நல்ல சேதியா?

இரண்டாவது, அந்தக் கதைக்குக் காலாவதித் தேதி உண்டு. 2005ல் என்ஜின்களுக்குப் பெரிய ஓட்டைகள் இருந்தன. நீண்டகாலத் திட்டம் என்றால் திணறும். மனிதன் அங்கே ஒட்டுப் போடலாம். புத்தகம் வெளியான அதே 2017ன் டிசம்பரில் ஆல்பாஸீரோ வந்தது. ஸ்டாக்ஃபிஷ் 8ஐ எதிர்த்து 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வி பூஜ்யம். என்ஜின் உதவியை அனுமதிக்கிற தபால்வழிச் செஸ்ஸில் இன்றைக்கு உயர்மட்டப் போட்டிகளைப் பார்த்தால் டிராவுக்குமேல் டிராவாகக் கிடக்கிறது. அங்கே மனிதன் சேர்ப்பது என்ன என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது.

இருந்தும் ‘செய்முறை’ என்ற சொல்லை நான் தூக்கிப் போட மாட்டேன். அதைச் செஸ்ஸுக்கு வெளியே கொண்டுபோய்ப் பார்த்தால் அதன் கனம் தெரிகிறது. செஸ்ஸைவிட எடுப்பான உதாரணம் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை. இதை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. கதாநாயகன் இல்லாத கதை.

அமெரிக்காவில் 1998லேயே மேமோகிராம் படங்களைப் பார்த்துச் சந்தேகமான இடங்களில் குறி போடும் மென்பொருளுக்கு அரசு அனுமதி கொடுத்துவிட்டது. மருத்துவக் காப்பீடும் அதற்குத் தனிக் காசு கொடுத்தது. வேகமாகப் பரவியது. செய்முறை கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும்: மருத்துவர் முதலில் தானே படத்தைப் பார்க்க வேண்டும்; பிறகு குறிகளைத் திறந்து, எதையாவது தவறவிட்டோமா என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும். ‘முதலில் நீ யோசி, பிறகு இயந்திரத்தைக் கேள்’ என்று இன்றைக்குச் சொல்கிறார்களே, அதே உபதேசம்.

2007ல் வந்த பெரிய ஆய்வு ஒன்று, இந்த மென்பொருளை வாங்கிய மையங்களில் தேவையில்லாமல் திரும்ப அழைக்கப்பட்ட பெண்கள் கூடிவிட்டார்கள், பயாப்ஸி கிட்டத்தட்ட 20 சதவீதம் ஏறிவிட்டது, கண்டுபிடித்த புற்றுநோயோ குறிப்பிடும்படி ஏறவில்லை என்றது. 2015ல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேமோகிராம்களை வைத்து மறுபடி பார்த்தார்கள். பலன் இல்லை. அந்தக் காலம் முழுக்க வருஷத்துக்கு 40 கோடி டாலருக்குமேல் இதற்குச் செலவாகிக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி? கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். பரிசோதனைக்கு வரும் ஆயிரம் பெண்களில் சுமார் ஐந்து பேருக்குப் புற்றுநோய் இருக்கும். ஒருவருக்கு ஒரே ஒரு பொய்க்குறி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து பேரிலும் மென்பொருள் சரியாகக் குறி போட்டுவிட்டது என்றே தாராளமாக விட்டுக்கொடுங்கள். மருத்துவர் முன்னால் ஆயிரம் பொய்க்குறி, ஐந்து மெய்க்குறி. இருநூறு தடவை ‘அதோ பார்’ என்று தோளைத் தட்டி, ஒரு தடவை மட்டும் உண்மை சொல்கிற உதவியாளரை நாம் என்ன செய்வோம்? ஒன்று, அவர் பேச்சைக் காதில் வாங்க மாட்டோம். இல்லையென்றால் எதற்கு வம்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்துவிடுவோம். இரண்டுமே நடந்தது.

இப்போது ஸ்வீடனுக்கு வருவோம். அங்கே ஒவ்வொரு மேமோகிராமையும் இரண்டு மருத்துவர்கள் பார்ப்பது வழக்கம். 2021ல் தொடங்கிய ‘மசாய்’ என்ற சோதனையில் 80,000 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல இரண்டு மருத்துவர். இன்னொரு பாதியில் படத்தை முதலில் இயந்திரம் பார்த்து ஒன்று முதல் பத்துவரை அபாய மதிப்பெண் போட்டது. ஒன்பதுவரை வந்த படங்களுக்கு ஒரு மருத்துவர் போதும். பத்து வந்தால் இரண்டு பேர். மதிப்பெண் அதிகமான படங்களில் மட்டும் சந்தேக இடங்களும் காட்டப்பட்டன. 2023ல் முதல் முடிவுகள் வந்தன. ஆயிரத்துக்கு ஐந்து என்ற இடத்தில் ஆறு புற்றுநோய் பிடிபட்டது. பொய் எச்சரிக்கை கூடவில்லை. மருத்துவர்கள் படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது.

இங்கே இயந்திரம் முதலில் பேசுகிறது! நம் உபதேசத்துக்கு நேர் எதிர். ஆனால் அது பேசுவது தீர்ப்பு இல்லை. எந்தப் படத்துக்கு எத்தனை கண்கள் வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. அமெரிக்க மென்பொருள் மருத்துவரின் கவனத்தைத் தின்றது. இது கவனத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்தது. (நியாயமாக இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இரண்டும் ஒரே இயந்திரம் இல்லை. 1998ன் சரக்கு மட்டமானது. இப்போதையது எத்தனையோ மடங்கு தேறியது. பலனில் எவ்வளவு இயந்திரத்தால், எவ்வளவு செய்முறையால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தேறிய இயந்திரத்தைப் பழைய மாதிரி ‘அதோ பார், இதோ பார்’ வேலைக்கு வைத்திருந்தால் 44 சதவீத வேலை மிச்சமாகியிருக்காது. அது மட்டும் நிச்சயம்.)

ஆக, ‘முதலில் யோசி, பிறகு கேள்’ என்பதும் மந்திரம் இல்லை. எந்த வேலைக்கு எந்த வரிசை என்று செய்து, அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2024ல் எம்ஐடி ஆய்வாளர்கள், மனிதன் தனியே, இயந்திரம் தனியே, இரண்டும் சேர்ந்து என்று மூன்றையும் அளந்த 106 சோதனைகளைத் திரட்டினார்கள். சராசரியாகப் பார்த்தால், இரண்டில் எது தேவலையோ அதைத் தனியே விட்டதைவிடக் கூட்டணி மோசம். எழுதுவது, உருவாக்குவது மாதிரியான வேலைகளில் லாபம் தெரிந்தது. முடிவெடுக்கும் வேலைகளில் நஷ்டம். இன்னொரு விஷயமும் வெளிவந்தது: மனிதன் தனியாகவே இயந்திரத்தைவிடத் தேவலை என்ற வேலைகளில் கூட்டணி ஜெயித்தது. இயந்திரம் தேவலை என்ற வேலைகளில் மனிதன் உள்ளே புகுந்து கெடுத்தான்.

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். வேலை தெரிந்தவனுக்குத்தான் எப்போது இயந்திரத்தைக் கேட்க வேண்டும், எப்போது போடா என்று சொல்ல வேண்டும் என்பது தெரிகிறது. தெரியாதவன் தப்பான இடத்தில் நம்புகிறான், தப்பான இடத்தில் சந்தேகப்படுகிறான். நியூ ஹாம்ப்ஷயர் ஆட்கள் இதற்கு விதிவிலக்கா? செஸ்ஸில் சுமார்தான். ஆனால் கணினியை வைத்துச் செஸ் ஆடுவது என்ற தனி வேலையில் அவர்கள்தான் கிராண்ட்மாஸ்டர்கள். அந்த வேலையில் அவர்கள் நாள்கணக்கில் பழகியிருந்தார்கள். தப்புச் செய்தால் ஒரு மணி நேரத்தில் பலகை சொல்லிவிடும்.

அடுத்து, காஸ்பரோவின் சூத்திரத்தில் எனக்கு உறுத்தும் விஷயம். அதில் காலம் இல்லை. ஒரு போட்டியில், ஒரு மாலையில், யார் ஜெயிப்பார் என்று சொல்கிறது. அந்தக் கூட்டணியில் பத்து வருஷம் இருந்த மனிதன் என்ன ஆவான் என்பதைச் சொல்லவில்லை.

இதற்குச் சென்னையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, பையன் கிராண்ட்மாஸ்டர் ஆகும் அளவுக்கு வளரும்வரை என்ஜின் பக்கமே விடவில்லை. உலகமே என்ஜினை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய காலத்தில் இது பைத்தியக்காரத்தனம் மாதிரி தெரிந்திருக்கும். கணக்கைத் தானே போட்டு, தானே தப்பு விட்டு, தானே கண்டுபிடிக்க வேண்டும். 2019ல், 12 வயதில், குகேஷ் கிராண்ட்மாஸ்டர். அதன் பிறகு என்ஜின் வந்தது; இன்றைக்கு அது இல்லாமல் யாராலும் உலகப் போட்டிக்குத் தயாராக முடியாது. இது ஒரே ஒரு பையனின் கதை என்பதையும் மறக்கக் கூடாது. (காஸ்பரோவை ‘ஒரே ஒரு போட்டி’ என்று இடித்துவிட்டு நான் அதே தப்பைச் செய்யக் கூடாது.) சின்ன வயதிலிருந்தே என்ஜினோடு வளர்ந்த பிள்ளைகளும் உச்சத்துக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் விஷ்ணு பிரசன்னா கேட்ட கேள்வி காஸ்பரோவ் கேட்காத கேள்வி: எந்த வயதில், எந்தக் கட்டத்தில் இயந்திரத்தை உள்ளே விடுவது?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், பதினான்காவது ஆட்டம். டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் அந்த நொடியே தெரிந்துவிட்டது. எங்கள் திரையோரத்தில் என்ஜினின் மதிப்பீட்டுப் பட்டை ஒரேயடியாக ஒரு பக்கம் சாய்ந்தது. 2000 ரேட்டிங்கைக் கனவில்கூடக் காணாத நான் சோபாவிலிருந்து எழுந்து கத்தினேன். பட்டை இல்லாத இரண்டு பேர் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். குகேஷுக்குப் புரியச் சில விநாடிகள் ஆனது. முகத்தில் அது தெரிந்தது. பட்டையை மறைத்திருந்தால் எனக்கு அந்த நகர்த்தலில் ஒன்றுமே தெரிந்திருக்காது. ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி ஒரு குஷி மட்டும் இருந்தது. அந்தக் குஷியை நினைத்தால்தான் இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது.

பயம் வெறும் பிரமை இல்லை என்று நினைக்க ஒரு தரவும் இருக்கிறது. போலந்தில் நான்கு மையங்களில், பெருங்குடலைக் கேமராவில் பார்க்கும் அனுபவமுள்ள மருத்துவர்கள் 19 பேரைக் கவனித்தார்கள். புற்றாக மாறக்கூடிய கட்டிகளை ஏஐ சுட்டிக்காட்டும் வசதி அங்கே புதிதாக வந்திருந்தது. அந்த வசதி இல்லாமல் செய்த பரிசோதனைகளை மட்டும் எடுத்து, ஏஐ வருவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். முன்பு 28.4 சதவீதப் பரிசோதனைகளில் கட்டி பிடிபட்டது, பின்பு 22.4. குலுக்கல் முறைச் சோதனை இல்லை, வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் இவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. ஒவ்வொருவரும் ஆயிரக்கணக்கில் செய்து கைதேர்ந்தவர்கள்.

சரி, செஸ்ஸும் ஆஸ்பத்திரியும் இருக்கட்டும். நீங்களும் நானும் ராத்திரி பதினொரு மணிக்குச் சாட்பாட்டிடம் கேட்கிற கேள்விகள் என்னாவது? வேலையை விடலாமா, பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது, வாடகை வீட்டிலேயே இருப்பதா, கடன் வாங்கி ஃபிளாட் வாங்குவதா.

கடைசிக் கேள்வி என்னுடையது. ஒரு நாள் சாட்பாட்டிடம், வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது, என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். நல்ல முடிவு என்று ஆரம்பித்து ஏழு காரணம் சொன்னது. புது ஜன்னல் திறந்து, அதே எண்களைக் கொடுத்து, வாடகையே போதும் என்று தோன்றுகிறது என்றேன். அதுவும் நல்ல முடிவாம். ஆறு காரணம். (ஒன்று குறைந்ததே என்று ஒரு கணம் அதையே சகுனமாக எடுத்துக்கொள்ளப் பார்த்தேன்.) இது என் ஒருவன் அனுபவம் இல்லை. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ, சாட்ஜிபிடியின் புது வடிவம் ஒன்று அளவுக்குமீறி ஜால்ரா தட்டுகிறது என்று ஒப்புக்கொண்டு அதைத் திரும்பப் பெற்றது. வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று அதிகாரம் வைத்து, இடித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று மன்னனுக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார். நாம் கையில் வைத்திருப்பது நேர் எதிரான துணை.

பிறகு வேறு மாதிரி முயன்றேன். மாதத் தவணை, வாடகை, முன்பணம் என்று என் கணக்கை முழுசாக நானே எழுதி, ‘நல்லதா கெட்டதா என்று சொல்லாதே, நான் சேர்க்காமல் விட்ட செலவு எது என்று மட்டும் சொல்’ என்று கேட்டேன். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், பராமரிப்பு, லிஃப்ட், சில வருஷத்துக்கு ஒரு முறை பெயின்ட், விற்கும்போது தரகு என்று வந்தது. பாதியை நான் மறந்திருந்தேன். ஒரு கட்டண விகிதம் பழசு, சரிபார்த்தபோது தெரிந்தது. அது பரவாயில்லை, ஏனென்றால் சரிபார்க்க முடிந்தது. ‘வாங்கு’ என்று சொல்லியிருந்தால் எதை வைத்துச் சரிபார்ப்பேன்?

இந்தச் செய்முறை நல்லதா என்று கேட்டால், நேர்மையாக, இன்னும் சொல்ல முடியாது. நியூ ஹாம்ப்ஷயர் ஆட்களுக்கு ஒரு மணி நேரத்தில் பலகை பதில் சொன்னது. ஸ்வீடனில் மாதங்களில் தெரிந்தது. என் ஃபிளாட்டுக்குப் பத்து வருஷம் ஆகும். அதற்குள் நான் ஏன் அப்படி முடிவெடுத்தேன் என்பதையே எனக்குச் சாதகமாக மாற்றி ஞாபகம் வைத்திருப்பேன். ஃபிலிப் டெட்லாக் 2011 முதல் நடத்திய கணிப்புப் போட்டிகளில் சாதாரண ஆட்கள் சிலர் வியக்கும்படி தேறினார்கள் என்றால், அதற்கு ஒரு காரணம் சலிப்பூட்டுகிற ஒன்று: ஒவ்வொரு கணிப்பையும் சதவீதமாக எழுதி வைக்க வேண்டும், பிறகு மதிப்பெண் போடப்படும். நான் பார்த்த சாட்பாட் எதுவும், மூன்று வருஷம் கழித்துத் தானாக வந்து, ‘அன்றைக்கு இப்படிச் சொன்னாயே, என்ன ஆச்சு?’ என்று கேட்டதில்லை. அதைச் செய்யும் ஒன்றை யாராவது கட்டினால் நான் காசு கொடுத்து வாங்குவேன்.

அதுவரைக்கும் நோட்டுப் புத்தகம்தான். வாடகையில் தொடர்வது என்று முடிவு. காரணங்கள் மூன்று, என் கைப்பட. ஐந்து வருஷத்தில் இதற்காக வருத்தப்படும் வாய்ப்பு 35 சதவீதம் என்று போட்டு, தேதியும் எழுதியிருக்கிறேன். மனைவி 60 என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.